தங்கச்சிக்குச் செய்த சீர்

பொன்னுரங்கத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றாலே மதுமதிக்கு வாயில் எச்சில் ஊறும். பசியில் ஊறுகிற எச்சில் இல்லை, வாந்திக்கு முன்னால் ஊறுகிறதே, அது. அந்த ஆள் காலையில் தின்ற வடையின் எண்ணெய் விரலோடு அடுத்தவர் சான்றிதழைப் புரட்டுவார். புரட்டும்போது முகத்தைப் பார்க்க மாட்டார். பார்வை கழுத்துக்குக் கீழே இறங்கி, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். "எல்லாம் எடுத்தாச்சா?" என்பார். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வந்து பெஞ்சில் காத்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிதான் கேட்பார். அவர்களும் காது கேட்காதவர்கள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை மட்டும் இங்கேயே விட்டுவைப்பார்கள்.

எந்த அலுவலகம் என்று பேர் சொல்லி என்ன ஆகப் போகிறது. பேரை மாற்றிச் சொன்னாலும் அங்கேயும் ஒரு பொன்னுரங்கம் உட்கார்ந்திருப்பார்.

மதுமதிக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. பெண். அவ்வளவுதான். திருநர் என்ற சான்றிதழ் முன்பே வந்துவிட்டது. அறுவை சிகிச்சையும் முடிந்து, மருத்துவமனையில் முத்திரை வைத்துக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தைக் காட்டினால், பெண் என்று திருத்திய சான்றிதழ் தர வேண்டும் என்பது சட்டம். அது கைக்கு வந்தால் ஆதார் மாறும், ஆதார் மாறினால் பான் கார்டு, வாக்காளர் அட்டை, வங்கிக் கணக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மாறும். ஆனால் முதல் காகிதம் பொன்னுரங்கத்தின் மேசையில் சுகமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரில் அவள் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருந்தாள். பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் சோதனை செய்கிற அறைக்கு அவளை மாற்ற வேண்டும் என்று அங்கே தலைமை மருத்துவரான விசாலாக்ஷிக்கு ஆசை. பயந்து நடுங்கி வருகிறவர்களைப் பேசியே உட்காரவைக்கிற பெண் இவள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த அறையில் பெண்கள்தான் வேலை பார்க்கலாம். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல மதுமதி. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா என் கையில ஒரு பேப்பர் இருக்கணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த வேலையைக் காட்டிலும் பெரிய ஆசை ஒன்று மதுமதிக்குள் இருந்தது. அரசாங்கமே அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டால், அம்மாவும் ஒரு நாள் அதை வாயால் சொல்லிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். யாரிடமும் வெளியே சொல்லக்கூடிய ஆசை இல்லை அது. சொன்னால் சிரிப்பார்கள்.

பொன்னுரங்கம் முதலில் மருத்துவமனை முத்திரை மங்கலாக இருக்கிறது என்றார். வேறு கடிதம் வாங்கிக்கொண்டு போனால், போட்டோவில் காது தெரியவில்லை என்றார். காது தெரிகிற போட்டோவோடு போன அன்று, பக்கத்துப் பிரிவிலிருந்து இரண்டு பேரை ஏதோ கோப்பு விஷயமாகக் கூப்பிட்டார். கோப்பைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டே அவளைப் பார்த்தார்கள். அதில் ஒருவன் அவளிடம் கேட்காமல் பொன்னுரங்கத்திடம், "குரல்லாம் எப்டி கீது?" என்று விசாரித்தான். மாட்டுச் சந்தையில் கூட மாட்டுக்கு எதிரே இவ்வளவு கேவலமாகப் பேச மாட்டார்கள்.

அடுத்த முறை போனபோது பொன்னுரங்கம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"இன்னாம்மா, ஆத்திரப்பட்டா எப்டி? நாளைக்கு உங்க வூட்டாளுங்க வந்து, எங்க புள்ளய நீ எப்டிய்யா பொம்பளன்னு எழுதிக் குடுத்தன்னு என் சட்டையப் புடிச்சா? ரத்த சொந்தம் ஒருத்தரக் கூட்டிக்கினு வா. வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போவட்டும்."

அப்படி ஒரு விதியே கிடையாது என்று அவள் சொன்னாள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு, யாருடைய கையெழுத்தும் தேவையில்லை என்றாள். சட்டத்தின் நகலைக்கூட எடுத்து நீட்டினாள். அதை வாங்கி, விரலில் இருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார் பொன்னுரங்கம். துடைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ரத்த சொந்தத்துக்கு அவள் எங்கே போவாள். தி.நகரில், உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மூன்று மாடி ஜவுளிக்கடை அவள் குடும்பத்துடையது. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்து, துணி மூட்டையைத் தோளில் சுமந்து விற்றுக் கட்டிய கடை. அப்பா இருந்தவரை கல்லாவில் அப்பா உட்கார்ந்திருந்தார், இப்போது அண்ணன் வெங்கடேஷ். கருணாகரன் என்ற பேரில் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், மதுமதி என்ற பேரோடு வெளியே வந்து பல வருஷம் ஆகிவிட்டது. அப்பா செத்த அன்று எதிர்ச்சாரியில் ஒரு செருப்புக்கடை வாசலில் நின்று பாடை போவதைப் பார்த்தாள். கிட்டே வந்தால் காலை ஒடிப்பேன் என்று அண்ணன் ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள், செருப்புக்கடைக்காரர் மட்டும் உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

வேறு வழியில்லாமல் அந்த அண்ணனுக்குத்தான் போன் செய்தாள். எந்த மாதிரிக் கையெழுத்து, எதற்கு என்று சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தான். முடித்ததும் போனை வைத்துவிட்டான். அவள் எதிர்பார்த்ததுதான். கோட்டூர்புரம் பாலத்தில் பஸ் போய்க்கொண்டிருந்தபோது, கீழே அடையாறு கறுப்பாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டே, இனி வழக்குத்தான் போட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

மறுநாள் அவனே கூப்பிட்டான்.

"தங்கச்சி, எத்தனை மணிக்கு வரணும்?" என்றான்.

அவளுக்குக் கைபேசியை வேறு காதுக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தங்கச்சி. அண்ணன் வாயிலிருந்து. மனிதர்கள் மாறுவார்கள், அப்பா போன பிறகு அவனுக்கும் வயதாகியிருக்கும், தனியாக உட்கார்ந்து யோசித்திருப்பான் என்றெல்லாம் அவளாகவே அவனுக்கு நியாயம் கற்பித்துக்கொண்டாள். அன்பைக் காணாத வயிறு எதைப் போட்டாலும் தின்னும், அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வெங்கடேஷ் வெள்ளைச் சட்டையில், நெற்றியில் திருநீறோடு வந்தான். கையில் கடைப் பை, உள்ளே வேட்டி சட்டைத் துணி. பொன்னுரங்கம் எழுந்து நின்றார். அவர் எழுந்து நிற்பார் என்பதே மதுமதிக்கு அன்றுதான் தெரியும். நாற்காலி வந்தது, தேநீர் வந்தது, பை மேசைக்குக் கீழே போனது. "என் கூடப்பிறந்த தங்கச்சி சார். எங்க குடும்பத்துக்கு முழு சம்மதம்" என்று கணீரென்று சொல்லிக் கையெழுத்துப் போட்டான் அண்ணன். பொன்னுரங்கம் அவளைப் பார்த்து, "உக்காரும்மா, ஏன் நிக்கிற" என்றார். மாதக்கணக்காக மங்கலாக இருந்த முத்திரை அந்த நிமிஷம் தெளிவாகிவிட்டது.

அந்த வாரமே சான்றிதழ் வந்தது. பெண் என்று அச்சடித்திருந்தது. அவள் அதை வாங்கிப் பார்த்தாள். சந்தோஷம் வந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்தது. கையைக் கழுவ வேண்டும் போல இருந்தது. தன் உடம்பில் கத்தி வைத்த மருத்துவர் எழுதிக் கொடுத்தது போதவில்லை, தான் நேரில் நின்று சொன்னது போதவில்லை, ஒரு வேட்டி சட்டைத் துணி போதுமாக இருந்தது.

ஆதார் மாறியது. மற்றவையும் மாறத் தொடங்கின. மருத்துவர் விசாலாக்ஷி பிரதியை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, திங்கட்கிழமையிலிருந்து அந்த அறைக்குப் போகச் சொன்னார். முதல் நாள் சோதனைக்கு வந்த அபிராமபுரத்துப் பெண்மணி ஒருத்தி, பயத்தில் அவள் மணிக்கட்டைப் பிடித்தவள் சோதனை முடிகிறவரை விடவில்லை. இவ்வளவுக்காகப் பொன்னுரங்கத்தைப் பொறுத்துக்கொண்டது தப்பில்லை என்று மதுமதிக்குத் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொல்லி அண்ணன் அழைத்தான். அம்மாதான் சொல்லச் சொன்னாள் என்றான்.

தி.நகர் வீட்டு வாசலில் அவள் தயங்கிக்கொண்டே நின்றாள். கதவைத் திறந்த அம்மா சீதாலட்சுமி, உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "வெயில்ல ஏன்ட்டி நிக்க, உள்ள வா" என்றாள்.

திருநெல்வேலிப் பக்கத்து அம்மாக்கள் மகனை ஏலே என்பார்கள், மகளை ஏட்டி என்பார்கள். மகளுக்கென்று வைத்திருக்கிற சொல் அது, வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. மதுமதி செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்து, நிமிர ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள்.

அம்மா உளுந்தஞ்சோறு பொங்கியிருந்தாள். பெண் பிள்ளைகளுக்கு இடுப்புக்கு நல்லது என்று அத்தைகள் வந்தால் பொங்குவாள், சின்ன வயதில் மதுமதி பக்கத்தில் போனால், உனக்கு என்னலே இதுல என்று விரட்டுவாள். இன்றைக்கு அவள் இலையில் தானே அள்ளி வைத்து, நல்லெண்ணெயும் விட்டாள். அண்ணன் மகள் தாரணி, கல்லூரி முடித்த பெண், ஒரு தரம் எட்டிப் பார்த்து "வாங்க" என்று சொல்லிவிட்டு அத்தை என்பதா என்னவென்று தெரியாமல் உள்ளே போய்விட்டாள். மதுமதி வயிறு வெடிக்கச் சாப்பிட்டாள். பின்னால் அந்தச் சோற்றை நினைத்தபோதெல்லாம் அவளுக்குக் குமட்டியதே தவிர, அன்றைக்கு அது அமிர்தமாகத்தான் இருந்தது.

சாப்பிட்ட பிறகு கூடத்தில் தாம்பாளம் வந்தது. தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. அம்மா குங்குமம் வைத்துவிட்டாள். அண்ணன் நின்றபடியே தாம்பாளத்தை நீட்டினான். பிறந்த வீட்டுச் சீர். இப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவள் அவர்களோடு பேசுவதையே நிறுத்தியிருப்பாள்.

அவள் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் வெங்கடேஷ் எதிரே உட்கார்ந்தான். கடையைப் பின்பக்கம் நீட்டிக் கட்டப் போவதாகச் சொன்னான். வங்கியில் கடன் கேட்டால் சொத்து ஒரே பேரில் இருக்க வேண்டும் என்கிறார்களாம். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டார். அதனால் அவள் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால், அதாவது தனக்கு இந்தச் சொத்தில் பங்கு வேண்டாம் என்று பதிவு செய்துவிட்டால், வேலை முடிந்துவிடும்.

"நம்ம வீட்ல பொம்பளப் பிள்ளைங்க சீர் வாங்கிட்டுக் கையெழுத்துப் போட்டுத் தர்றதுதானே வழக்கம். அத்தைங்க ரெண்டு பேரும் அப்பாவுக்குப் போட்டாங்கல்ல" என்றான். ரொம்ப சாதாரணமாக, ஃபேனைக் கொஞ்சம் குறை என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

மடியில் தாம்பாளம் கனத்தது. அவன் எதற்காகத் தங்கச்சி என்றான், எதற்காகப் பொன்னுரங்கத்திடம் ஓடிவந்தான் என்பது எல்லாம் அவளுக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. தம்பிக்குப் பங்கு கொடுக்காமல் ஏமாற்றினவன் என்றால் அவர்கள் ஊர்ச் சங்கத்தில் நாலு பேர் கேள்வி கேட்பார்கள், தாய்மாமன் வந்து உட்காருவார், பஞ்சாயத்து நடக்கும். தங்கச்சிக்குப் பட்டெடுத்துச் சீர் செய்து கையெழுத்து வாங்கியவன் என்றால் நல்ல பேரு. தம்பி தங்கச்சியாகிவிட்டால் பங்கு புடவையாகிவிடும். அதற்கு அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்துவிட்டால் இன்னும் சுத்தம். அந்த வீட்டிலேயே முதல் ஆளாக அவளைப் பெண் என்று முழு மனதோடு ஒத்துக்கொண்டவன், இதற்காக ஒத்துக்கொண்டிருக்கிறான்.

அவனுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரிந்திருந்தது. மகனுக்கும் மகளுக்கும் ஒரே பங்கு என்று சட்டம் வந்து எவ்வளவோ காலம் ஆகிறது. ஜவுளிக் கணக்கில் புலியான அண்ணனுக்கு, சொந்த வீட்டு வழக்கம்தான் நாட்டுச் சட்டம் என்று நினைப்பு. அத்தைகள் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவன், போடாமல் இருக்கவும் அவர்களுக்கு முடிந்திருக்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அவள் அதைச் சொல்லவில்லை. அருவருப்பாகத்தான் இருந்தது, ஆனால் அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் சொன்ன ஏட்டி இன்னும் காதில் இருந்தது. கடையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன், போனால் போகட்டும், இந்த வீட்டுக் கதவு திறந்திருந்தால் போதும் என்று நினைத்தாள். நேராகக் கேட்டிருந்தால் புடவை இல்லாமலே கொடுத்திருப்பாள்.

"போடறேன் அண்ணே" என்றாள்.

பதிவுக்குக் குறித்த நாளன்று அந்தப் பட்டுப்புடவையையே கட்டிக்கொண்டு மயிலாப்பூரில் காத்திருந்தாள். அண்ணன் காரில் வந்து ஏற்றிக்கொண்டான். அம்மா பின்சீட்டில் இருந்தாள். மதுமதியின் தலையில் வைக்க மல்லிகைப்பூகூடக் கொண்டுவந்திருந்தாள். கோயில் குளத்தைச் சுற்றிக் கார் திரும்பும்போது, பூவை வைத்துவிட்டபடியே அம்மா சொன்னாள்.

"கையெழுத்து முடிஞ்சதும் நீ அங்கனயே ஒரு ஆட்டோ பிடிச்சுப் போயிரு. சாயங்காலம் தாரணியப் பொண்ணு பாக்க வாராவ."

இன்றைக்கு ஒரு நாள்தானே, சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் சங்கடம் என்று நினைக்கிறாள், இருக்கட்டும் என்று மதுமதி தனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருந்தாலும், தாரணி கல்யாணத்துக்கு என்ன வேலை செய்ய வேண்டும் என்று கேட்டாள். எதைக் கேட்கிறோம் என்று தெரிந்தேதான் கேட்டாள்.

அம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள். "கல்யாணம்னா ஊரே வரும்லா. அது சரிப்படாது. அதான் உனக்கு எல்லாம் செஞ்சாச்சுல்லா, நீ புரிஞ்ச பிள்ளை" என்றாள். குரலில் கோபமோ வெறுப்போ துளியும் இல்லை. பேரம் படிந்த பிறகு கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே இதமான குரல். முன்சீட்டில் அண்ணன் ஹாரன் அடித்தான்.

பூ வாசனை மூக்கை அடைத்தது. மதுமதி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். அவமானத்தில் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. குமட்டல்தான் வந்தது. அண்ணன்மேல், அம்மாமேல், எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கரண்டி உளுந்தஞ்சோற்றுக்கும் ஒரு சொல்லுக்கும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்திருக்கிற தன்மேல்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வழக்கமான கூட்டம். அவர்கள் முறை வந்தது. போட்டோ எடுத்தார்கள், விரல் ரேகை வைத்தார்கள். சார்பதிவாளர் நடுவயதுப் பெண்மணி, காலையிலிருந்து பத்திரம் பத்திரமாகப் பார்த்துக் களைத்துப்போன முகம். ஆதாரைப் பார்த்தார், சான்றிதழைப் பார்த்தார், நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை முகத்தோடு நின்றது. பிறகு எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டார்.

"இதுல எழுதியிருக்கறத முழு சம்மதத்தோட எழுதிக் கொடுக்கறீங்களாம்மா?"

"இல்லை" என்றாள் மதுமதி.

சார்பதிவாளர் பேனாவைக் கீழே வைத்தார். வெங்கடேஷ் முதலில் சிரித்தான், அவளுக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்துவிட்டான். அவள் இன்னொரு முறை, சம்மதம் இல்லை, பத்திரம் வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். அதற்கப்புறம் அண்ணன் முகத்திலிருந்த திருநீற்றைத் தவிர மற்றதெல்லாம் மாறிவிட்டது.

"மேடம், இவன் பொம்பளையே இல்ல. எனக்குத் தம்பி. கருணாகரன். கூடப்பிறந்தவன் எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில காசு கொடுத்துப் பேப்பர் வாங்கி வேஷம் போட்டுட்டு அலையறான்" என்று கத்தினான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பி அவன் பக்கம் வைத்தார். "என் தங்கைன்னு நீங்கதானே சார் எழுதிக் கொண்டுவந்திருக்கீங்க" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். மதுமதிக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் அண்ணனுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள். "ஆம்பளைன்னாலும் மூணுல ஒண்ணு அண்ணே. பொம்பளைன்னாலும் மூணுல ஒண்ணு. அம்மாவுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. சட்டம் அதான். நீ எதுக்கு இவ்வளவு ஓடுன?"

அவனுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும், வீணாய்ப்போன அலைச்சலையும் பையையும் புடவையையும் மனதுக்குள் கூட்டிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே பத்திரம் எழுதுகிறவர்களின் மேசைகளைத் தாண்டி, கார் நிற்கிற இடத்துக்கு வந்தார்கள். அண்ணன் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு வந்தான்.  கார் அருகில் நின்றதும் அம்மா மதுமதியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். கல்லாவுக்குப் பின்னால் நின்றே காலம் தள்ளியவள், பேரம் முறிந்தால் அடுத்த விலை என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"ஏலே கருணா" என்றாள். "அம்மா சொல்லுதேன், கேளு. முடிய வெட்டிட்டு ஒரு சட்டையப் போட்டுட்டு வா. உனக்குப் பாதி, அண்ணனுக்குப் பாதி. சங்கத்துல நாலு பேர வச்சுப் பிரிச்சுக்கிடுங்க. தம்பிக்குக் குடுத்தா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. தங்கச்சி வந்து பங்கு கேட்டான்னா நாங்க எப்படிலே வெளிய தல காட்ட?"

மதுமதி அண்ணனைப் பார்த்தாள். அவன் மறுக்கவில்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, வேண்டாவெறுப்பாகத் தலையை ஆட்டினான். தங்கச்சிக்கு மூன்றில் ஒன்று கொடுக்க முடியாதவனுக்குத் தம்பிக்குப் பாதி கொடுக்க மனசு வருகிறது. அவள் அம்மா பக்கம் திரும்பினாள். 

"பாதி வேணாம்மா" என்றாள். "மூணுல ஒண்ணு போதும். பொண்ணாவே வாங்கிக்கறேன்."

அம்மா கையை விட்டாள். அப்படியே போயிருக்கலாம். ஆனால் மதுமதிக்கு மனசு கேட்கவில்லை. "உனக்கும் அதே பங்கு இருக்கும்மா. யார் பேப்பரை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுடாதே. நீயாவது பத்திரமா வச்சுக்க" என்றாள்.

வெங்கடேஷ் சட்டென்று கார்க் கதவைத் திறந்து, "அம்மா, ஏறு, நேரமாச்சு" என்றான்.

அம்மா ஏறவில்லை. ஏதோ சிறுபிள்ளைத்தனமாகச் சொல்லிவிட்டாள் என்பது போல மதுமதியைப் பார்த்தாள்.

"நான் அப்பா கருமாதி முடிஞ்ச மறுவாரமே போட்டாச்சே. இங்கனதான் கூட்டியாந்தான். அந்த மேடந்தான் கேட்டாவ, முழு சம்மதமான்னு" என்றாள். "புருஷன் செத்து ஒரு மாசங்கூட ஆகலை. ஒத்த மகன் பக்கத்துல நிக்கான். நான் வேற என்ன சொல்ல?"

சொல்லிவிட்டு, மகன் திறந்து பிடித்திருந்த கதவுக்குள் குனிந்து ஏறி உட்கார்ந்தாள்.